கெட்டித் தேன் கேட்டவள்

நான் சந்தேகக்காரி. இதை இன்னொருவர் வந்து சொல்ல வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். பால்காரர் அளக்கும்போது எட்டிப் பார்ப்பேன். பூக்காரி முழம் போடும்போது அவள் முழங்கையையே பார்ப்பேன். கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்களைக்கூட, இவ்வளவு தூரம் எதற்கு மெனக்கெட்டு வந்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைப்பேன். "சங்கரன்கோவில்ல ஒனக்கு மனுசனாத் தெரியுறது ஒருத்தராவது உண்டா?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். அவர் தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அத்தனை மனுக்களைப் படித்த பிறகும் மனிதர்களை நம்புகிறாரே என்று எனக்கு அவர் மேலும் ஒரு சந்தேகம் உண்டு.

நாட்டுமருந்துக் கடை வைத்திருப்பவள் வேறு எப்படி இருக்க முடியும்? தேரடிப் பக்கம் எங்கள் கடை. அப்பா வைத்தது, பிறகு என் கைக்கு வந்தது. மிளகில் பப்பாளி விதை, நன்னாரி என்று கட்டிவரும் ஏதோ ஒரு வேர், புதுக் கடுக்காயோடு புழுத்த பழசு. இதையெல்லாம் கண்ணால் பார்த்தும் மோந்தும் பிடித்துவிடலாம். தேன் ஒன்றுதான் கண்ணைக் கட்டிவிடும். நல்ல தேனை நாய் நக்காது என்பார்கள். எங்கள் தெரு நாய் என் கடைத் தேனையும் நக்கும், பக்கத்துக் கடைக் கருப்பட்டிப் பாகையும் நக்கும். அதனால் நான் நாயை நம்புவதில்லை.

எனக்கு மூன்று சோதனைகள். அப்பா காலத்துக் கண்ணாடி டம்ளர் ஒன்று இருக்கிறது. அதில் பச்சைத் தண்ணீர் ஊற்றி ஒரு சொட்டுத் தேனை விடுவேன். நூல் பிடித்தாற்போல் இறங்கி அடியில் போய் உட்கார வேண்டும், கரைந்தால் கலப்படம். பேப்பர் துண்டில் ஒரு சொட்டு. பின்பக்கம் நனைந்தால் கலப்படம். தீக்குச்சியின் மருந்தைத் தேனில் தோய்த்து உரசுவேன், பற்றாவிட்டால் கலப்படம். இவ்வளவையும் தேன் கொண்டுவந்தவர் கண் முன்னாலேயே செய்வேன். வாங்க வருகிறவர்களுக்கும் செய்து காட்டுவேன். பல பேருக்கு இது மனப்பாடமே ஆகிவிட்டது.

ராயகிரிக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு குடியிருப்பு. முப்பது வீடு இருக்கும். மலையில் தேன், கடுக்காய், கல்பாசி என்று எடுத்துப் பிழைக்கிறவர்கள். அங்கிருந்து ஒருவன் பதினைந்து வருஷமாக எனக்குத் தேன் கொண்டுவந்தான். என்னைவிடப் பத்து வயது இளையவன், அதிகம் பேச மாட்டான். டின்னைப் படியில் இறக்கி வைத்துவிட்டு, "பக்கத்துப் பாறைக்கா, நாவப்பூவு" என்பான். எந்தப் பாறை, எந்தப் பூ, அவ்வளவுதான். நல்ல தேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நான் டம்ளரை எடுத்ததும் ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வான். போகிற வருகிற ஆட்டோவைப் பார்த்துக்கொண்டு நிற்பான். கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலே, "முடிஞ்சுதாக்கா?" என்று கேட்பான். "முடிஞ்சுது" என்றதும் திரும்புவான்.

அவன் பெண்டாட்டி எப்போதாவது கூட வருவாள். அவள்தான் பேசுவாள். பாறையில் கயிறு கட்டித் தொங்கித் தேன் எடுக்கும்போது, மேலே கயிற்றுக்குக் காவலாக அவளுடைய அண்ணன்தான் இருப்பானாம். கூடப் பிறந்த தம்பியைக்கூட நிற்க விடமாட்டார்களாம். தங்கச்சி தாலி என்று மச்சினனுக்குத்தான் பயம் இருக்கும், அவன்தான் கையை விடமாட்டான் என்று கணக்கு. எனக்கு அந்த ஏற்பாடு ரொம்பவும் பிடித்துப்போனது. அங்கேயும் என்னை மாதிரி யோசிக்கிறவள் ஒருத்தி அந்தக் காலத்தில் இருந்திருக்க வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு தொடங்கியது இந்த வினை. எப்போதும் வைகாசியில்தான் முதல் டின் வரும். அந்த வருஷம் சித்திரை பிறந்த நாலாம் நாளே வந்து நின்றான். சீக்கிரம் வந்ததே எனக்கு உறுத்தியது. மூடியைத் திறந்தால் தேன் வெளுத்து, டின்னை ஆட்டினால் சளசளவென்று ஆடியது. டம்ளரில் விட்டேன். பாதி வழியிலேயே கரைந்தது. பேப்பர் நனைந்தது. தீக்குச்சி புகைந்து அணைந்தது.

"என்னப்பா இது?"

"மலை சரியில்லக்கா."

"மலைக்கு என்ன, காய்ச்சலா?"

அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நாவ பூத்து நிக்கையில பங்குனில மழை பிடிச்சுக்கிட்டு. கோடை மழைன்னா சடசடன்னு ஒரு நாள் பெஞ்சிட்டுப் போயிரும். இது ஆடிச் சாரல் மாதிரி நாலு நாள் நின்னு பெய்யுது. பூ பூரா கொட்டிப் போச்சு. தேனீ அடையை மூடாமலே கெளம்பிப் போகுது. மூடட்டும்னு காத்துக் கெடந்தா அடையே நனைஞ்சு விழுந்துருது. எங்க அய்யா காலத்துல இப்படி இல்ல. மலை வேற மாதிரி ஆயிட்டு."

அந்த வாயிலிருந்து அவ்வளவு பேச்சு நான் கேட்டதே இல்லை. அதுவே எனக்குப் போதுமான சாட்சியாகிவிட்டது. பேசாதவன் பேசினால் எதையோ மறைக்கிறான் என்றுதானே அர்த்தம்? மழை விட்ட காலை நேரத்தில் எங்கள் மொட்டைமாடியில் நின்றால் மேற்கே மலை தெரியும். நானும் போய்ப் பார்த்தேன். நீலமாக, அதே இடத்தில், அதே மாதிரிதான் இருந்தது. எங்கள் ஊரில் வானத்தின் மேல் பழி போடாத ஆள் யார்? மல்லிகை விலை ஏறினால் பனி. நெய்யக் கொடுத்த துண்டு வராவிட்டால் மழை. கொத்தனார் வராவிட்டால் வெயில். இவனும் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் சேர்ந்திருக்கிறான் என்று நினைத்தேன்.

பழகின தோஷத்துக்கு அந்த டின்னை எடுத்துக்கொண்டேன். பாட்டில்களில் அடைத்து விற்கவும் செய்தேன். அதில் இரண்டு பாட்டில் கடையநல்லூருக்குப் போனது. அங்கே ஓர் அம்மா, வருஷா வருஷம் சவுதியில் இருக்கும் மகனுக்கு என் கடையில்தான் தேன் வாங்குவார். ஆனி மாதம் போன் வந்தது.

"அல்லாவுக்குப் பொதுவாச் சொல்லுங்க, அது தேன்தானா? புள்ள சஃபரு பொறப்படப் பொட்டி கட்டி, சவுதி போய்ச் சேந்து தொறந்து பாத்தா பாட்டில் நுரைச்சுப் பொங்கி மூடி தெறிச்சுக் கெடக்கு. புதுச் சட்டை, மசாலாப் பொடி எல்லாம் ஒட்டிக்கிட்டு நாறுதாம். பதினஞ்சு வருசமா ஒங்களை நம்பித்தானே வாங்குதேன்?"

யாரையும் நம்பாத என்னை ஒருத்தி பதினைந்து வருஷம் நம்பியிருக்கிறாள். அதைக் கெடுத்துவிட்டானே பாவி என்று அவனைத் திட்டித் தீர்த்தேன்.

அடுத்த டின்னோடு அவன் வந்தபோது பெண்டாட்டியும் வந்திருந்தாள். நான் டம்ளரையே எடுக்கவில்லை. தேரடிக்கே கேட்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டேன்.

"சீனிப்பாகைக் காய்ச்சி ஊத்திட்டு மலை மேல பழி போடுதியா? எனக்கே காது குத்தப் பாக்கியாக்கும்? மலை மாறிட்டாம்! நீதான் மாறிட்ட!"

அவன் ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவள்தான் சொன்னாள். "தண்ணி நாங்க ஊத்தலக்கா."

"பெறவு யாரு ஊத்துனா? சாமியா?"

"அப்படித்தான்னு வச்சுக்கோங்க."

என்ன திமிர் என்று நினைத்தேன். "இங்க பாரு, கெட்டியா இருந்தாக் கொண்டா. இல்லைன்னா இந்தப் படியே ஏறாத" என்று டின்னைத் திருப்பி அனுப்பினேன். அத்தோடு விட்டேனா? அன்றைக்கு மத்தியானமே, தேன் வாங்குகிற மற்ற மூன்று கடைகளுக்கும் நடந்து போய், அந்த ஆளிடம் வாங்காதீர்கள், சீனிப்பாகு கலக்கிறான் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஊருக்கு ஏதோ நல்லது செய்த நிம்மதியில் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வருஷம் வைகாசியில் சொல்லிவைத்தாற்போல் வந்தான். தேன் காப்பிக் கஷாய நிறத்தில், கரண்டியில் எடுத்தால் விழ மனசில்லாமல் தொங்கியது. டம்ளரில் நூலாக இறங்கி அடியில் உட்கார்ந்தது. பேப்பர் நனையவில்லை. தீக்குச்சி சுரீரென்று பற்றியது. எனக்கு ஒரே பெருமை. நாலு வார்த்தை உறைக்கச் சொன்னால்தான் இவர்கள் வழிக்கு வருவார்கள் என்று உள்ளுக்குள் சிரிப்பு.

"மலைக்குக் காய்ச்சல் விட்டுட்டாக்கும்?" என்றேன்.

"நீங்க கேட்ட மாதிரி கொண்டாந்திருக்கோம்க்கா" என்றான்.

வீட்டுக்காரர் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "என்னட்டி, அடிப்பிடிச்ச பாயாசம் மாதிரி ஒரு வாடை வருதே?" என்றார். "ஒங்களுக்கு நாக்கு செத்துப் போச்சு" என்றேன்.

ராஜபாளையத்தில் லேகியம் செய்கிற வைத்தியர் ஒருவர், அப்பா காலத்திலிருந்தே எங்களிடம்தான் தேன் வாங்குகிறவர், அந்த டின்னை எடுத்துப் போனார். மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "இது சூடு காட்டின தேன்மா. சந்தேகமா இருந்துச்சு, சோதிக்கக் கொடுத்தும் பாத்துட்டேன். தேனைச் சுட்டா மருந்துக்கு ஆகாதுன்னு ஒங்க அப்பாவுக்கு நல்லாத் தெரியும். ஒங்களுக்குத் தெரியாமப் போச்சே?"

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல் இருந்தது. சூடு காட்டியிருக்கிறான் என்றால் பாகு காய்ச்சியிருக்கிறான். என் மூன்று சோதனைக்கும் தப்புகிற மாதிரிக் கெட்டியாகக் காய்ச்சிக் கலந்திருக்கிறான். சரி, கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை என்று மறுநாள் காலையிலேயே, யாரிடமும் சொல்லாமல், ராயகிரிக்குப் பஸ் ஏறினேன். கையில் ஒரு பை, ஒரு நோட்டு. பார்த்ததை எழுதிக்கொள்ளத்தான்.

ராயகிரியில் இறங்கியதும் மலைச்சனம் சாமான் வாங்குகிற பலசரக்குக் கடைக்குப் போனேன். சோடா கேட்டு வாங்கிக் குடித்துக்கொண்டே, மேற்கேயிருந்து வருகிறவர்கள் சீனி, வெல்லம் நிறைய வாங்குகிறார்களா என்று சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டேன்.

"சீனியா? அவங்க கடுங்காப்பிக்கே போட மாட்டாங்களே" என்றார் கடைக்காரர். பிறகு அவராகவே, "ஆனா அந்தத் தேன்காரன் போன சித்திரைல பெரிய அண்டா ஒண்ணு எங்க கிடைக்கும்னு கேட்டு, பாத்திரக் கடைல வாங்கிட்டுப் போனான். கல்யாணம் ஏதும் இருக்கும்" என்றார்.

கல்யாணமா! முதல் சாட்சி கிடைத்துவிட்டது என்று சோடாவைப் பாதியில் வைத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

தார் ரோடு முடிகிற இடத்தில் இறங்கி நடந்தேன். மலை அங்கே நீலமாக இல்லை. ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் காய்ந்து செம்மண் நிறம். முதல் வீட்டு முற்றத்தில் ஒரு பெரியவர் கடுக்காய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என் கண்ணாடியையும் கையிலிருந்த நோட்டையும் பார்த்தார்.

"மலையெல்லாம் எப்படி இருக்கு?" என்றேன்.

"நல்லாருக்கும்மா. ஒரு கொறையும் இல்ல."

"மழை காலத்துக்குப் பெய்யுதா?"

"பெய்யாம?"

"பூவு, தேனு?"

"அது பாட்டுக்கு இருக்கும்மா. எல்லாம் எப்பவும் போலத்தான்."

அடப்பாவி என்று பல்லைக் கடித்தேன். இங்கேயே பிறந்து வளர்ந்த மனுஷர் ஒரு குறையும் இல்லை என்கிறார். என்னிடம் வந்து மலை மாறிவிட்டது என்று கதை அளந்திருக்கிறான். இரண்டாவது சாட்சியும் ஆயிற்று. அவர் சொன்னதை வரி விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டேன். நான் எழுதுவதைப் பார்த்ததும் அவர் எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார்.

நாலாவது வீட்டின் பின்பக்கத்தில் புகை தெரிந்தது. கூப்பிடாமல், செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு போனேன். அவன் பெண்டாட்டி அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் அந்தப் பெரிய அண்டா. அண்டாவில் வெந்நீர். வெந்நீருக்குள் ஒரு பித்தளைத் தவலை, தவலையில் தேன். அவள் துடுப்பால் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"மாட்டுனியா!" என்று கத்தினேன். "எங்கட்டி சீனி? எங்க வச்சிருக்க?"

அவள் திடுக்கிட்டாள், ஆனால் எழுந்திருக்கவில்லை. துடுப்பையும் விடவில்லை. "வாங்கக்கா" என்றாள்.

சொல்லவே கூச்சமாக இருக்கிறது, நான் அவள் வீட்டுக்குள் நுழைந்து தேடினேன். டப்பா டப்பாவாகத் திறந்தேன். அரிசி, பருப்பு, புளி. கடைசியில் அலமாரி மூலையில் காகிதப் பொட்டலம். பிரித்தால் சீனி. வெற்றியோடு அதைக் கொண்டுபோய் அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"ரேசன் சீனிக்கா" என்றாள். "நாங்க போட்டுக் குடிக்க மாட்டோம். வாரவங்களுக்குன்னு வச்சிருக்கோம். எறும்பு ஏறிக் கெடக்கும் பாருங்க. இவ்வளவு பெரிய தவலைக்கு அந்தப் பொட்டலம் எந்த மூலைக்குக் காணும்?"

எறும்பு ஏறித்தான் கிடந்தது. என் கையிலும் ஏறிக்கொண்டிருந்தது.

"பெறவு எதுக்குக் காய்ச்சுத?"

"நீங்கதானே கெட்டியாக் கேட்டீங்க?" என்றாள். சண்டைக்குச் சொல்லவில்லை. எனக்கு மறந்துபோனதை எடுத்துக் கொடுக்கிற மாதிரிச் சொன்னாள். "தண்ணி வத்தணும்லா. நேரே தீயில வச்சாக் கருகிரும்னு வெந்நீல எறக்கி வச்சிருக்கோம். ஒரு நாள் பூரா ஆகும். வெறகுக்கும் நாந்தான் போகணும்."

மூங்கில் தட்டு ஒன்றை இழுத்துக் காட்டினாள். அதில் இரண்டு தேனடைகள். ஒன்றை எடுத்து என் கண்ணுக்கு நேரே பிடித்தாள். "நல்லாப் பழுத்த தேன்னா ஈ அடையில ஒவ்வொரு கண்ணையும் மெழுகு வச்சு மூடிரும். மூடினாத்தான் கெட்டி. இதைப் பாருங்க, முக்கால்வாசி தொறந்து கெடக்கு. சரிஞ்சா ஒழுகுது. அது மூடதுக்குள்ள மழை வந்துருது, மழை வந்ததும் அது போயிருது. முன்னயெல்லாம் பக்கத்துப் பாறையில அடை அடையாத் தொங்கி, தூரத்துல இருந்து பாத்தாப் பாறையே கறுப்பாத் தெரியும். இந்த வருசம் மூணு அடை. ஓடையில சித்திரை வரைக்கும் தண்ணி கெடக்கும், இப்ப மாசிலயே மணலு. கடுக்கா பிஞ்சுலயே உதுருது. புல்லு கெடந்த எடம் பூரா உண்ணிச்செடி ஏறிக்கிட்டு."

நான் நோட்டைத் திறந்து காட்டினேன். "அந்த மொத வீட்டுப் பெரியவர் ஒரு கொறையும் இல்லைங்காரே?"

அவள் சிரித்தாள். "நோட்டை வச்சுக்கிட்டுக் கேட்டா வேற என்ன சொல்லுவாரு? மூணு வருசத்துக்கு முன்னால ரெண்டு பேரு ஒவ்வொரு வீடா வந்தாங்க. மழை கூடிருக்கா, கொறஞ்சிருக்கா, வெயிலு கூடிருக்கா, காடு மாறிருக்கான்னு கேட்டு டிக் அடிச்சிட்டுப் போனாங்க. நாங்களும் வெள்ளந்தியா எல்லாத்தையும் சொன்னோம். ரெண்டு மாசத்துல பாரஸ்டுக்காரங்க ஓடைப் பக்கம் போற பாதையை அடைச்சுப் போட்டாங்க. காடு கெட்டுப் போச்சு, ஆளு நடமாடப்படாதுன்னு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டோ இல்லையோ, எங்களுக்கு என்ன தெரியும்? அதுல இருந்து யாரு கேட்டாலும் மலை நல்லாருக்குன்னு சொல்லிருதோம். மலை மாறிட்டுன்னு வெளியாளுகிட்ட வாயே தொறக்கதில்ல."

"எங்கிட்ட மட்டும் எதுக்கு அவன் சொன்னான்?"

"ஒங்களை நம்பித்தான்." அவள் துடுப்பை நிறுத்தினாள். "அந்தக்கா சந்தேகப்படும், ஆனா நம்ம மூஞ்சிக்கு முன்னால வச்சுத்தான் சோதிக்கும், பின்னால போயி ஒண்ணும் செய்யாதுன்னு அடிக்கடி சொல்லுவாரு."

அவனுக்குப் பின்னால் மூன்று கடை ஏறி இறங்கியவள் நான். அது இவர்களுக்கு இன்னும் தெரியவில்லை. மற்ற கடைக்காரர்கள் எடுக்காததற்கு மழையைக் காரணமாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் டம்ளரை நினைத்துக்கொண்டேன். தேனில் தண்ணீர் இருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்லும். ஊற்றியது மனுஷனா மழையா என்று அதற்கு எப்படித் தெரியும்? எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். சொன்னானே, வாய் திறந்து சொன்னானே.

"அவன் எங்க?" என்றேன்.

"கயித்துக்கு நாரு எடுக்கப் போயிருக்காரு. நாளைக்கு மேற்குப்பாறைக்குப் போறோம். அது உசரம், மழை அவ்வளவா அடிக்காது, ஈ கொஞ்சம் மூடிருக்கும். கெட்டித் தேன் வேணும்னா அங்கனதான் போகணும். அவுக அய்யா அந்தப் பாறைல எறங்க விட்டதே இல்ல."

"ஒங்கண்ணன் கூட வாரானா?"

"அண்ணன் மில்லு வேலைக்குப் போயிட்டான்க்கா. மூணு அடைக்கு ரெண்டு ஆளு எதுக்குன்னு."

"பெறவு கயித்துக்குக் காவல் யாரு?"

"நாந்தான்" என்றாள். நான் கேட்காமலே வலது கையை விரித்துக் காட்டினாள். உள்ளங்கையில் குறுக்காகக் கயிறு அறுத்த காயம், இன்னும் முழுதாக ஆறவில்லை. "போன மாசம் ஒங்களுக்குக் கொண்டாந்த டின்னுல பாதி அங்கன எடுத்ததுதான். மீதியைக் காய்ச்சினோம்."

நான் அடுப்புக்குப் பக்கத்தில் அவளோடு உட்கார்ந்தேன். "போகாதீங்க" என்றேன். "மேற்குப்பாறைக்குப் போகாதீங்க. காய்ச்சவும் வேண்டாம். தண்ணியா இருந்தாலும் அப்படியே கொண்டாங்க. நான் எடுத்துக்கிடுதேன்."

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். டின் மூடியைத் திறந்ததும் நான் பார்க்கிற பார்வை.

"எடுத்துக்கிடுவீங்களா?"

"எடுத்துக்கிடுதேன்."

"நெசமாவா? பெறவு படியேறாதன்னு சொல்ல மாட்டீங்களே?"

"சொல்ல மாட்டேன்."

"பாப்போம்க்கா" என்றாள். எறும்பைத் தட்டிவிட்டு, அந்தச் சீனியையே போட்டு எனக்குக் காப்பி கலந்து கொடுத்தாள். குடித்தேன். மூன்று கடைக்காரர்களிடம் நான் சொன்னதை அப்போது அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது, சொல்லவில்லை.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக அந்த மூன்று கடைக்கும் போனேன். சீனிப்பாகு இல்லை, நான் சொன்னது தப்பு, பங்குனி மழையில் தேன் பழுக்காமல் வருகிறது, சீக்கிரம் விற்றுவிட்டால் கெடாது என்று எடுத்துச் சொன்னேன். மூவரும் பொறுமையாகக் கேட்டார்கள். மூன்றாவது கடை அண்ணாச்சிக்கு மட்டும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "என்னம்மா இது, போன வருசம் சீனிப்பாகுன்னீங்க. இந்த வருசம் மழைத்தண்ணிங்கீங்க. அந்தாளு ஒங்களுக்கு என்னமும் மருந்து வச்சிட்டானா?" என்றார். பொய்யை ஒரு மத்தியானத்தில் நம்பினவர்கள் உண்மையை இன்றுவரை நம்பவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயும் இல்லை.

இந்த வருஷம் சித்திரை வந்தது, அவன் வரவில்லை. வைகாசி பாதியாயிற்று. மாசியிலேயே ஒரு மழை, பங்குனியில் ஒரு மழை. அப்போதெல்லாம் வீட்டுக்காரரிடம், "மலையில இப்ப நாவ பூத்திருக்கும், இந்த மழை கெடுத்துரும்" என்று புலம்பினேன். "நீயா பேசுத?" என்றார். ராயகிரிப் பக்கமிருந்து வருகிற பஸ்ஸில் இறங்கி வருகிறவர்களையெல்லாம் கடையிலிருந்தே பார்த்தேன். வேறு ஊர்க் கடை பிடித்திருப்பானோ என்று முதலில் நினைத்தேன். அப்படி இருந்தால் நல்லது என்று பிறகு நினைத்தேன். அந்தப் பாறையும் அவள் உள்ளங்கையும் மனசைவிட்டுப் போகவே இல்லை.

வைகாசிக் கடைசியில் ஒரு காலை, இருவரும் வந்தார்கள். அவனை முழுசாகப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. காட்டிக்கொள்ளவில்லை. டின்னைப் படியில் இறக்கினான்.

"பக்கத்துப் பாறைக்கா. நாவப்பூவு. காய்ச்சல" என்றான்.

அவள் என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னாள். "இது போகலைன்னாச் சொல்லிருங்கக்கா. மேற்குப்பாறைல ரெண்டு அடை நிக்கு. ஆனிச் சாரலுக்கு முன்னால எறங்கிரலாம்."

"ஒண்ணும் எறங்க வேண்டாம்" என்று மூடியைத் திறந்தேன். வெளுத்த தேன். சளசளவென்று ஆடியது. அவன் வழக்கம்போல ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். நான் டம்ளரைத் தொடவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பனவடலிசத்திரத்து அண்ணாச்சி ஒருவர் கடைக்கு வந்தார். விவசாயி, வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து வருஷத்துக்கு நாலு பாட்டில் வாங்குகிறவர். திறந்திருந்த டின்னை எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, தண்ணியாக் கெடக்கு?"

நான் சொன்னேன். மழை, நாவல் பூ, மூடாத அடை எல்லாவற்றையும் சொன்னேன். கலப்படம் இல்லை, நான் பொறுப்பு என்றேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பேசப் பேச என் குரல் எனக்கே பொய் மாதிரி ஒலித்தது.

"அதெல்லாம் சரித்தான்" என்றார். "அந்த டம்ளரை எடுங்க பாப்போம். நீங்கதானே சொல்லித் தந்தீங்க?"

எடுத்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய? அவரே தண்ணீர் ஊற்றினார். கரண்டியால் தேனை எடுத்துக் குனிந்து, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, டம்ளருக்கு மேலே பிடித்தார். என்னால் பார்க்க முடியவில்லை. திரும்பி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்திலேயே அவனும் நின்றான். ஓர் ஆட்டோ போனது. பூக்கூடையோடு ஒருத்தி போனாள்.

"முடிஞ்சுதாக்கா?" என்று அவன் திரும்பாமலே கேட்டான்.

"இன்னும் இல்லப்பா" என்றேன்.